பெட்டியோடு போன பெண்ணைப் பற்றி எங்கள் ஊர் சொன்னது

கல்லடியில் நான் சீடிக்கடை வைத்திருந்த காலத்தில் ஒன்றைக் கவனித்தேன். படம் வாங்கிப் போகிற ஆட்கள் அதிகம் பேசமாட்டார்கள். திருப்பித் தரும்போதுதான் வாய் திறக்கும். சீடித் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா போனவர் ஒருவரும் இல்லை. "இதுக்கு நித்திரை கொண்டிரிக்கலாம்" என்பார் ஒருவர். "அழுது அழுது சோறு ஆறிப்போச்சி தம்பி" என்பார் இன்னொருவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதுதான் மிச்சப் படிப்பு. ஆட்கள் சொல்கிற சொல்லை நான் மறப்பதில்லை. முகம் மறந்துவிடும், சொல் நிற்கும்.

நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருடம் ஒரு படம் வந்தது. கம்பியூட்டரில் காதலிக்கிற கதை, சிரிப்புப் படம். அந்தப் படத்துக்குப் பேசின அளவு எங்கள் ஊர் வேறெந்தப் படத்துக்கும் பேசினதில்லை. அந்தப் பேச்சையெல்லாம் ஒன்றும் சிந்தாமல் நான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. என் தங்கை கேட்டுக்கொண்டு நிற்பாள். அவளுடைய கலியாணம் அந்தப் பேச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

தங்கை டவுனில் ஒரு கொமினிகேசனில் வேலை செய்தாள். போட்டோக் கொப்பி எடுப்பது, டைப் அடிப்பது, வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுப்பது. ஆள் வராத நேரத்தில் கம்பியூட்டர் சும்மா கிடக்கும். அதில்தான் ஒரு பொடியன் பேச வந்து சேர்ந்தான். கரடியனாற்றுக்காரன். கத்தாரில் கட்டடம் எழும்புகிற இடத்தில் வேலை. முதல் நாள் அவன் அவளுடைய பெயரைக்கூடக் கேட்கவில்லையாம். "அங்க மழையா?" என்று கேட்டிருக்கிறான். இவள், "ஓம், கல்லடியில மழை" என்று எழுத, "கல்லடி மழை எனக்கு என்னத்துக்கு? கரடியனாத்துல பெய்யுதா எண்டு கேட்டுச் சொல்லுங்க" என்று எழுதியிருக்கிறான்.

வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை, கரடியனாறு அங்கேதான். நாங்கள் இருப்பது எழுவான்கரை, சூரியன் எழும்புகிற கரை. நடுவில் கிடப்பது தண்ணீர்தான். ஆனால் சண்டைக் காலத்தில் அந்தத் தண்ணீரைத் தாண்டிப் போவதைவிடக் கத்தாருக்குப் போவது லேசு. தங்கை கரடியனாற்றைக் கண்ணால் கண்டதேயில்லை. கொமினிகேசனுக்கு அந்தப் பக்கத்து ஆள் யாராவது வந்தால் பிடித்து நிறுத்திக் கேட்பாள். மழை எப்படி, குளம் வான் பாய்ந்ததா, வயல் வட்டைக்குள் தண்ணீர் நிற்கிறதா, விதைக்கிறவர்கள் விதைத்துவிட்டார்களா. கேட்டதை அப்படியே எழுதி அனுப்புவாள். வயல் பக்கமே போகாதவள், உழவுகாரன் மாதிரி வானத்தைப் பார்க்கப் பழகிவிட்டாள். இரண்டு மாரி இப்படியே மழைச் செய்தி போனது. மூன்றாவது மாரிக்கு முன் இரண்டு பேரும் கலியாணம் செய்வதென்று முடிவெடுத்திருந்தார்கள்.

ஒரு பின்னேரம் வேலை முடிந்து கல்லடிப் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது எனக்குச் சொன்னாள்.

"அண்ணன், அம்மாட்ட நீங்கதான் கதைக்கோணும்."

"ஆளைக் கண்டிரிக்கியா நீ?"

"படத்தில கண்டிரிக்கன்."

"படத்தில கண்டா ஆளைக் கண்ட மாதிரியா?"

"படத்த வாடகைக்குக் குடுத்துத்தானே நாம சோறு தின்றம்" என்றாள்.

பாலத்து இரும்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"அவர் வீடு கேக்கல்ல அண்ணன்."

சந்தோசமான செய்தி என்று நினைத்துத்தான் சொன்னாள். எனக்கு அதுதான் பெரிய சிக்கலாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவான். மகனுக்கு வீடு கிடையாது, அவன் போகிற இடத்தில் அவனுக்கொரு வீடு காத்திருக்கும். தங்கைக்கென்று அப்பா கடற்கரைப் பக்கம் கட்டத் தொடங்கிய வீட்டைக் கூரை ஏறுமுன் கடல் கொண்டுபோனது. அப்பாவையும் கொண்டுபோனது. பிறகு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம், கூடாரத்தில் கிடந்தோம், தகரக் கொட்டிலில் கிடந்து வெந்தோம். கடைசியில் கடலுக்கு எட்டத்தில் ஒரு வீட்டுத் திட்டத்தில் ஓட்டு வீடு ஒன்று கிடைத்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை. அந்தச் சுவரில் ஆணி அடிக்க அம்மா எவரையும் விட்டதில்லை. கலண்டரைக்கூடக் கதிரையில் சாய்த்துத்தான் வைத்திருந்தார்.

வீடு கேட்காத மாப்பிள்ளை என்றால் பெண்ணை எங்கே வைத்திருப்பான்? ஊர் முதலில் கேட்பது அதைத்தான். இருக்கிற ஒரு வீட்டைப் பற்றி அம்மாவிடம் வாய் திறக்க எனக்கும் மனம் வரவில்லை. தங்கை அதைத் தெரிந்துகொண்டவள் மாதிரி ஒரு வழி சொன்னாள்.

"அம்மாக்கு ஊர் சொன்னாத்தான் எதுவும் சரி. இப்ப வந்திரிக்கிற கம்பியூட்டர்ப் படத்த முதல்ல ரோட்டாருக்குக் குடுங்க. எல்லாரும் நல்லமெண்டு சொன்னாப் பிறகு அம்மாக்குப் போட்டுக் காட்டுவம்."

படத்தின் கதை இதுதான். சென்னையில் ஒரு பொடியன் தான் லண்டனில் இருப்பதாகக் கம்பியூட்டரில் பொய் சொல்கிறான். ஒரு பெண் தான் வீணை வாசிப்பதாகப் பொய் சொல்கிறாள். இரண்டு பேரும் இருப்பதோ ஒரே தெருவில், எதிரும் புதிருமான மாடிகளில். அவன் "லண்டனில மழை" என்பான், அவள் "இங்கேயும் மழை" என்பாள், இரண்டு பேரும் நனைவது ஒரே மழையில். ஒரு நாள் கரண்ட் போகிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேச்சு அறுந்து, ஒரே நேரத்தில் திரும்பி வருகிறது. அப்போதுதான் இருவருக்கும் பொறி தட்டுகிறது. சண்டை, அழுகை, கடைசியில் கலியாணம். பெண் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனுடைய வீட்டுக்குப் போக, மாமியார் ஆலாத்தி எடுக்கிறாள். முடிந்தது.

கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் அந்தத் தட்டையே நீட்டினேன். சண்டைப் படம் கேட்டு வந்தவருக்கும் அதைத்தான் கொடுத்தேன். பேச்சு வந்து விழத் தொடங்கியது.

சந்தியில் நிற்கிற ஓட்டோக்காரப் பொடியன், "பாட்டு மட்டும் பாத்தன் அண்ணன், மத்ததெல்லாம் ஓடவிட்டன்" என்றான். இதைத் தங்கைக்குச் சொன்னபோது, "அதெல்லாம் ஒரு கருத்தா?" என்று கோபித்துக்கொண்டாள்.

வாவியில் இறால் பிடிக்கிற ஒருவர் இருந்தார். சாரத்தில் தட்டைத் துடைத்துத் தந்துவிட்டுச் சொன்னார்: "படம் முழுக்கப் பொய் சொன்னான், ஒரு பாட்டோட மன்னிச்சிப்போட்டாள். நான் சந்தைக்குப் போறனெண்டு சொல்லிப்போட்டுக் கள்ளுக் குடிக்கப் போனதுக்கு என்ட மனிசி ஒரு கிழமை கதைக்கல்ல. எனக்கும் ஒரு பாட்டுப் போடத் தெரிஞ்சிரிந்தா நல்லம்."

தபால் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்த ஐயா ஒருவர் தட்டைக் கொண்டுபோய்த் திருப்பித் தரவேயில்லை. கேட்டால், "படம் சரியில்ல தம்பி" என்பார். "சரியில்லாட்டித் தாங்களன் ஐயா" என்றால், "எங்க பிழை இரிக்கெண்டு பாத்துக்கொண்டிரிக்கன்" என்பார். அவருடைய வீட்டுப் பக்கம் போனால் அந்தப் படத்தின் பாட்டுக் கேட்கும்.

படுவான்கரையிலிருந்து ஒருவர் கிழமைக்கொருக்கால் வந்து கட்டாகப் படம் கொண்டுபோவார். அங்கே கரண்ட் வராத ஊர்களில் ஜெனரேட்டர் வைத்து, பொது மண்டபத்தில் போட்டுக் காட்டுகிறவர். "சனம் நல்லாப் பாத்திச்சி" என்றார். "ஆனா ஜெனரேட்டர் இரையிற சத்தத்தில கதை ஒண்டும் கேக்கல்ல. அவன் உண்மையாவே லண்டனில எண்டுதான் கொள்ளைச் சனம் நினைச்சிட்டு எழும்பிப் போகுது."

எல்லாருக்கும் மேலாகக் கருவாடு விற்கிற மாமி சொன்னதுதான் வந்து குத்தியது. தலையில் கூடையோடு வாசலில் நின்றே சொன்னார்.

"எட மனே, நானும் கடைசி மட்டும் பாத்துக்கொண்டிரிந்தன். அந்தப் பொடியன் என்ன குடி, அந்தப் புள்ள என்ன குடி எண்டு ஒருத்தராவது கேக்கோணுமே. ஒரே குடியா இரிந்தா என்ன செய்யிற? மறுகா அண்ணனும் தங்கச்சியுமெல்லோ?"

"அது இந்தியாப் படம் மாமி. அங்க நம்மட மாதிரிக் குடி இல்ல."

"குடி இல்லாத ஊரா? அப்ப அங்க ஆரு அண்ணன் ஆரு மச்சான் எண்டு எப்பிடிப் பிரிக்கிற?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய்த் தங்கைக்குச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தாய் வழியாக வருவது குடி. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்காரர் கண் காணாத ஊரில் பிறந்திருந்தாலும் கூடப்பிறந்தவர்கள். கலியாணப் பேச்சில் முதலாவதாக வருகிற கேள்வி அது.

"நீ கேக்கல்லையா?"

"இல்ல."

"இவ்வளவு மழையக் கேட்டாய்."

"அவரும்தான் கேக்கல்ல" என்றாள். பிறகு மெதுவாக, "கேக்கப் பயமா இரிந்திச்சி அண்ணன்" என்றாள்.

ஊர் படத்தை நல்லமென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. கத்தார்க்காரனுக்கு லீவு கிடைக்கப் போகிறது என்றாள் தங்கை. இனிப் பொறுக்க முடியாதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்ற கையோடு அம்மாவுக்குப் படத்தைப் போட்டேன். பக்கத்து வளவு அக்காவும் வந்திருந்தார். அவருடைய ஒரே மகனைச் சண்டை முடிவதற்குக் கொஞ்சக் காலத்துக்கு முன் வீட்டு வாசலில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு தகவல் இல்லை. எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற மனிசி. சிரிப்புப் படம் பார்த்தால் கொஞ்ச நேரம் மறந்திருப்பார் என்று அம்மாதான் கூப்பிட்டிருந்தார்.

அம்மா ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. அந்த அக்கா சில இடத்தில் சிரித்தார். மழைக் காட்சியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, அந்தப் பெண் கம்பியூட்டருக்கு முன்னால் எழுதிவிட்டுக் காத்திருக்கிற ஒரு இடம். மணிச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டுப் பதில் வரும். அக்கா டிவியைப் பார்த்தபடி சொன்னார்:

"பாருங்களன். எழுதின ஒடன பதில் வருது."

படம் மட்டும் தன்பாட்டில் பகிடி விட்டுக்கொண்டிருந்தது. நான் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட எத்தனையோ சொல்லில் இன்றைக்கும் என்னை உட்காரவிடாத சொல் அதுதான்.

கடைசியில் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டும்போது அம்மா முதன்முதலாகப் பேசினார்.

"இவளுக்கு வீடில்லையா?"

"அம்மா, அங்க அப்பிடித்தான்" என்றாள் தங்கை.

"அங்கயெண்டாலும் தாய் பக்கத்தில நிக்கிறாதானே. நில்லு மகள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லலாமே. பெட்டியக் கையில குடுத்து விடுற பழக்கமும் ஒரு பழக்கமா?"

அக்கா எழும்பிப் போனதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ வீட்டில படம் போடுற ஆளில்லையே தம்பி. இண்டைக்கு என்ன?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தார், கரடியனாறு, மழை, லீவு. தங்கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா திட்டவில்லை. திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். கடல் வந்த பிறகு அம்மாவுக்கு அந்தத் தெம்பு திரும்பி வரவில்லை. எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"என்ன குடி?"

"தெரியா" என்றாள் தங்கை.

"வீட்டப் பத்திப் பிறகு கதைப்பம். முதல் அதக் கேளு."

அடுத்த நாளே அவள் எழுதினாள். பதில் வரக் கொஞ்ச நாளானது. அவன் வேலை செய்யும் இடத்தை மாற்றியிருந்தார்கள். அந்த நாட்களில் அவள் படத்தைப் பற்றி ஊர் சொல்வதைக் கேட்பதையும் விட்டுவிட்டாள். கடைசியில் பதில் வந்தது. தன் குடி என்னவென்று அவனுக்கே தெரியவில்லை.

கேட்டால் ஆச்சரியம் மாதிரி இருக்கும், யோசித்தால் இல்லை. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் உண்டு. தன் குடியின் திருவிழா அன்றைக்குத் தகப்பன் தோளில் ஏறிப் போகிற பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனுக்கு விவரம் தெரிகிற வயதில் கோயிலில் திருவிழா நின்றுபோயிற்று. தாய் அவனுக்குச் சின்ன வயதிலேயே செத்துப்போனார். வளர்த்தது தாயின் அக்கா. அந்தப் பெரியம்மாவோடு ஊர் விட்டு ஊர் ஓடி, காட்டுக்குள் கிடந்து, திரும்பி வந்ததுதான் அவனுடைய பிள்ளைக் காலம். ஓடுகிறவர்களிடம் என்ன குடி என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பெரியம்மாவிடம் போனில் கேட்டிருக்கிறான். அவர் சொல்லவில்லை. "இது போன்ல சொல்ற விசயமா? கேக்க வேண்டிய ஆக்கள் வந்து கேக்கட்டும்" என்று வைத்துவிட்டாராம்.

அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அந்த மனிசி சொல்றதும் சரிதானே" என்றார். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

நானும் அம்மாவும் மட்டும் போனோம். செங்கலடியில் பஸ் மாறி, உள்ளே போகிற ரோட்டில் குலுங்கிக்கொண்டு. அம்மா அந்தப் பக்கம் போய் எத்தனை வருடமென்று அவருக்கே நினைவில்லை. யன்னலோரம் இருந்து, கூரையில்லாத வீடுகளை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு வந்தார். "இஞ்சயும் கடல் வந்ததா தம்பி" என்று ஒரு இடத்தில் கேட்டார். கேட்டுவிட்டுத் தானே தலையை ஆட்டிக்கொண்டார்.

பெரியம்மாவின் வளவு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பழைய சுவர் பாதி, அதன் மேல் கூரையாகத் தறப்பாள். முற்றத்தில் பாய் விரித்துக் கச்சான் கடலை காயப்போட்டிருந்தது. அதன் பக்கத்தில் பெரியம்மா குந்தியிருந்து கோது உடைத்துக்கொண்டிருந்தார். மெலிந்த, வெயிலில் கறுத்த மனிசி. நாங்கள் யாரென்று சொல்லுமுன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா வாசலில் நின்று, "வீட்டில ஆக்கள் இரிக்கீங்களா" என்றுதான் கேட்டார். எங்கள் அம்மா ரோட்டில் போகிற யாரையும் அக்கா, தங்கச்சி, மாமி என்று முறை வைக்காமல் கூப்பிடாதவர். அன்றைக்கு ஒரு முறையும் வாயில் வரவில்லை. அந்த மனிசியும் அப்படியே. "வாங்க, இரிங்க" என்றார், அவ்வளவுதான். அக்கா என்று சொல்லிவிட்டால் ஒரே குடி என்று ஆகிவிடும் என்பது போல இரண்டு பேரும் வார்த்தையை ஒதுக்கி ஒதுக்கி வைத்துப் பேசினார்கள். வெறுந்தேத்தண்ணி வந்தது. கச்சான் விளைச்சல், பஸ் நேரம், யானை வந்து மரவள்ளியைப் பிடுங்கியது, எல்லாம் பேசினார்கள். கேட்க வந்ததை மட்டும் கேட்கவில்லை. அம்மாவும் கோது உடைக்கத் தொடங்கியிருந்தார்.

என்னிடம் திரும்பி, "தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்டார் பெரியம்மா.

"சீடிக்கடை" என்றேன்.

"எங்கட மண்டபத்தில போடுற படமெல்லாம் உங்கட கடையிலயா? இப்ப கிட்டடியில ஒண்டு போட்டாங்க. கம்பியூட்டர்ப் படம்."

அம்மாவின் கை நின்றது. "பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தன். சத்தம் ஒண்டும் கேக்கல்ல. ஆனா அந்தப் பொடியன் தங்கமான பொடியன். அவளுக்குக் கரண்ட் போன ஒடன லண்டனில இரிந்து ஓடி வந்திட்டானே. எங்கட பொடியனும் அப்பிடித்தான். இஞ்ச மழை இல்லையெண்டா அங்க சோறு இறங்காது அவனுக்கு."

நான் அம்மாவைப் பார்த்தேன். லண்டன் பொய் என்று அம்மாவுக்குத் தெரியும். அம்மா கச்சானைப் பார்த்துக்கொண்டு, "ஓம், நல்ல பொடியன்தான்" என்றார்.

"ஆனா படம் எனக்குப் பிடிக்கல்ல" என்றார் பெரியம்மா. "அந்தப் புள்ள கடைசியில பெட்டியத் தூக்கிக்கொண்டு எங்கயோ போகுது. தாய் பாத்துக்கொண்டு நிக்கிறா. ஒரு கொட்டிலாவது போட்டுக் குடுக்க ஏலாதா அவளுக்கு? நாங்க இவ்வளவு ஓட்டம் ஓடியும் ஒரு பொட்டைய அப்பிடி அனுப்பல்லையே."

"நானும் வீட்டில அதத்தான் சொன்னன்" என்றார் அம்மா. "இதுகள் ரெண்டும் அங்க அப்பிடித்தான் எண்டு எனக்குப் படிப்பிக்குதுகள்."

இரண்டு பேரும் அந்தப் படத்தைச் சேர்ந்து திட்டத் தொடங்கினார்கள். மாமியாரின் ஆலாத்தித் தட்டில் தொடங்கி, அந்தப் பெண்ணின் சட்டை வரைக்கும் போனார்கள். நான் கடையில் மாதக்கணக்காகச் சேர்த்த பேச்சில் இவ்வளவு ஒத்துப்போன இரண்டு பேரைக் கண்டதில்லை. திட்டி முடிந்த இளைப்பில், பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னார்:

"எங்கட கோயில்ல இந்த வருசம் திருவிழா செய்யப்போறமெண்டு கதைக்கிறாங்க. எங்கட குடிக்கு மூண்டாந் திருவிழா."

"எந்தக் குடி?" என்றார் அம்மா.

அவர் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் எங்கள் ஆட்கள் அடுத்த நிமிசம் யார் வீடென்று சொல்லிவிடுவார்கள். எங்களுடைய குடி இல்லை. அது போதும்.

அம்மா கையிலிருந்த கச்சானைப் பாயில் போட்டுவிட்டு, "மச்சாள்" என்று கூப்பிட்டார். அந்த வளவுக்குள் வந்த பிறகு அம்மா வைத்த முதல் உறவு முறை. "மச்சாள், எங்களுக்கு ஒரு வீடுதான் இரிக்கு. கடலுக்குப் பிறகு கிடைச்ச வீடு. அது அவளுக்குத்தான். நானும் தம்பியும் பின் வளவில கொட்டில் போட்டுக் கிடப்பம். கொட்டில் எங்களுக்குப் புதிசில்ல."

பெரியம்மா அம்மாவின் முழங்காலில் கையை வைத்தார். "அவன் வீடு கேக்கல்லையே மச்சாள்."

"அவன் கேக்காட்டி? பெட்டியோட அனுப்பவா?"

எனக்கு அம்மா அதை முன்பே சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், "வீட்ட நினைச்சி யோசிக்கிறியா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். நான் ஆம்பிளை, போகிற இடத்தில் எனக்கொரு வீடு இருக்கும் என்றேன். "சீடிக்கடைக்காரனுக்கு ஆரு மனே வீடு தரப் போறா" என்று அம்மா சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கன காலத்துக்குப் பிறகு. எனக்கும் சிரிப்பு வந்தது, உடம்பு அலுப்பில் பாதியோடு நின்றுவிட்டது.

லீவில் அவன் வந்தான். தங்கை சொன்ன மாதிரி, படத்தில் கண்டதும் ஆளும் ஒன்றுதான், கொஞ்சம் மெலிவு. கோயிலில் வைத்துச் சின்னதாகக் கலியாணம் நடந்தது. கருவாட்டு மாமி வந்து பந்தியில் இருந்துகொண்டு, "இவங்க குடி கேட்டுத்தான் செய்தவங்க, படம் மாதிரி இல்ல" என்று பக்கத்து இலைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தபால் கந்தோர் ஐயா கலியாணப் பரிசு என்று ஒரு பார்சல் தந்தார். பிரித்தால் என் கடைத் தட்டு. பக்கத்து வளவு அக்கா மணவறைப் பக்கம் வராமல் அடுக்களையில் நின்று நாள் முழுக்கத் தேங்காய் துருவினார்.

நானும் மாப்பிள்ளையும் சேர்ந்துதான் பின் வளவில் கொட்டிலுக்குக் கிடுகு கட்டினோம். அவன் கட்டடக்காரன், முடிச்சு இறுக்கமாகப் போட்டான். படம் எப்படி என்று ஏணியில் நிற்கும்போது கேட்டேன். "கரண்ட் போற இடம் மட்டும் நல்லா இரிந்திச்சி மச்சான்" என்றான். லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பினான். போகுமுன் கொமினிகேசனில் கழித்த பழைய கம்பியூட்டரை வாங்கி வீட்டில் பொருத்திக் கொடுத்திருந்தான். தங்கை வேலையால் வந்து அதன் முன்னால் இருப்பாள். வீடு கிடைத்தது, மாப்பிள்ளை கிடைத்தான், இருப்பு மட்டும் பழைய மாதிரியே கதிரையில்தான்.

மாரி தொடங்கிய ஒரு பின்னேரம் கரண்ட் போனது. நானும் அம்மாவும் கொட்டில் வாசலில் இருந்தோம். வீட்டுக்குள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது.

"அண்ணன், உங்களுக்கும் போயிட்டா?"

"ஓம்" என்றேன்.

"அவருக்கு அங்க தெரியா. கதைச்சிக்கொண்டிரிக்கக்குள்ள நான் எழும்பிப் போயிட்டன் எண்டு நினைப்பார்."

அம்மா காலை நீட்டி, வாவிப் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்த ஒடன எழுது மகள்" என்றார். "கரடியனாத்துப் பக்கம் கறுத்துக் கிடக்கு, மின்னுது எண்டு சொல்லு."